ஆணி அடிக்கக் கூடாது

உங்கள் தெருவுக்கு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதா? இருந்தால் என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

எங்களுக்கு இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து தாமல் போகிற பக்கம் மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால், 'பொன்வயல் நகர்' என்று எழுதிய ஒரு அலங்கார வளைவு வரும். அந்த வளைவுக்குள் குடியிருக்கிற எல்லோரும் அந்த குரூப்பில் உண்டு. காலையில் பூங்கொத்து, மதியம் மூட்டு வலிக்கு வைத்தியம், சாயந்திரம் கரன்ட் எப்போது வரும் என்ற கேள்வி. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பேசாமல் போனை வைத்துவிடுகிற ரகம் நான்.

ஆடி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை. கிச்சனில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். போன் 'டிங்' என்றது. அப்புறம் இன்னொரு டிங். அப்புறம் நிற்கவே இல்லை. யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று பதறி, ஈரக் கையோடு எடுத்தேன்.

'நகர்வாசிகளின் கனிவான கவனத்திற்கு...'

கனிவு என்று ஆரம்பித்தால் பின்னாலேயே ஒரு உத்தரவு வரும்.

'நமது நகரின் பாதுகாப்பு மற்றும் தூய்மை கருதி, வட மாநிலத் தொழிலாளர்களுக்கு வீடு வாடகைக்கு விட்டுள்ள உரிமையாளர்கள், வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர்களைக் காலி செய்ய வைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். இப்படிக்கு, செயலாளர்.'

அதற்குக் கீழே வரிசையாகக் கட்டை விரல்கள். எனக்குப் பூரி கொடுத்து அனுப்புகிறவர்களின் கட்டை விரல், என்னிடம் பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பியவர்களின் கட்டை விரல்... எல்லாமே எனக்குத் தெரிந்த விரல்கள்தான்.

உரிமையாளர்கள் என்று பன்மையில் போட்டிருந்தாலும், நகரில் அப்படி வீடு விட்டிருந்தது இரண்டே பேர். மூன்றாவது தெருக்காரர் அன்று மதியமே தன் வீட்டுப் பையன்களிடம் சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது நான் ஒருத்தி.

என் வீட்டு மாடியில் ஒரு ரூம், ஒரு சின்ன கிச்சன், தனிக் குழாய். எட்டு மாதமாக அங்கே பிரதீப்பும் அவன் மனைவி சபிதாவும் இருக்கிறார்கள். பிரதீப்புக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. சபிதா பக்கத்துத் தெருவில் ஒரு நெசவுக்காரர் வீட்டுக்குப் போய் பட்டு நூல் சுற்றித் தருகிறாள். எங்கள் நகரில் இவர்களுக்குப் பெயர் 'இந்திக்காரங்க'. அவர்கள் வீட்டில் பேசுவது ஒடியா. சொல்லிப் பார்த்தேன். "எல்லாம் ஒண்ணுதானே டீச்சர்" என்றார்கள்.

அவர்கள் தங்கமானவர்கள் என்று எழுதப்போகிறேன் என்று நினைக்கிறீர்களா? மாட்டேன். பிரதீப் போனில் பேசினால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். சபிதா குப்பையைப் பிரித்துப் போட மாட்டாள். இரண்டு முறை மோட்டாரை நிறுத்த மறந்து தொட்டி வழிந்து என் கற்பூரவல்லிச் செடி அழுகிப் போனது. நான் கத்தினேன். அவர்கள் தலையை ஆட்டினார்கள். மறுபடியும் மறந்தார்கள். சுருக்கமாகச் சொன்னால், வாடகைக்குக் குடியிருக்கிறவர்கள் எப்படி இருப்பார்களோ அப்படி இருந்தார்கள்.

நானும் சாதாரண ஹவுஸ் ஓனர் இல்லை. முப்பது வருஷம் அரசுப் பள்ளியில் டீச்சர். வீட்டிலும் ரூல்ஸ் உண்டு. பத்து மணிக்கு கேட் பூட்டப்படும். மாடிப்படியில் செருப்பு இருக்கக் கூடாது. முக்கியமாக, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. பிஎஃப் பணத்தில் கட்டிய வீடு... ஒவ்வொரு ஆணியும் என் மண்டையில் இறங்குவது போல இருக்கும். வந்த மாதத்தில் சபிதா ஒரு சாமி படத்தைக் கையில் வைத்துக்கொண்டு "டீச்சர்ம்மா... ஆணி?" என்று கேட்டாள். "மூச்!" என்றேன். அந்தப் படம் எட்டு மாதமாகத் தரையில், சுவரில் சாய்ந்தபடி இருந்தது.

திங்கட்கிழமை சாயந்திரம் செயலாளர் சுந்தரமூர்த்தி சார் நேரிலேயே வந்துவிட்டார். கூடவே விக்னேஷ். விக்னேஷ் என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவன். இப்போது சங்கத்தில் இளைஞர் பிரதிநிதி.

சுந்தரமூர்த்தி சார் வில்லன் இல்லை. அப்படி இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகப் போயிருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ரிட்டயராகி வந்தவர். எங்கள் நகருக்குத் தெருவிளக்கு வந்தது அவரால். எனக்குச் சிக்குன்குனியா வந்து படுத்திருந்தபோது தினமும் கஞ்சி அனுப்பியது அவர் வீடு. நல்ல மனிதர்... அதுதான் கஷ்டமே.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். உங்களைத் தனிப்பட்ட முறையில ஒண்ணும் சொல்லல" என்றார்.

"என் வீடு ஒண்ணுதான் சார் மிச்சம் இருக்குது. இதுக்கு மேல தனிப்பட்ட முறைன்னா எப்படி?"

"வளைவுல பார்த்தீங்களா? இப்பதான் வெள்ளை அடிச்சோம். யாரோ சிவப்பா துப்பி வெச்சிருக்காங்க."

"யாரு?"

"யாருன்னா... அவங்கதான்."

"கேமராவுல தெரிஞ்சுதா?"

அவர் டீயைக் குடித்தார். சங்கம் வாங்கி மாட்டிய கேமரா பொங்கலிலிருந்து வேலை செய்யவில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், துப்பியவனுக்கும் தெரியும்.

"யாருன்னு கண்டுபிடிங்க சார். என் மாடியில இருக்கிறவனா இருந்தா நானே பிரஷ்ஷைக் குடுத்துத் தேய்க்க வைக்கறேன். அதுக்காக வீட்டைக் காலி பண்ணச் சொல்ல மாட்டேன். எச்சில் துப்பினவன் எல்லாம் காலி பண்ணணும்னா நம்ம காஞ்சிபுரத்துல பாதி வீடு பூட்டித்தான் கிடக்கும்."

விக்னேஷுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். அப்புறம் சிரிப்பு இல்லாமல் பேசினான்.

"எனக்கு எச்சில்லாம் மேட்டரே இல்ல டீச்சர். நான் டிப்ளமோ முடிச்சுட்டு மூணு வருசம் கம்பெனியில இருந்தேன். எட்டு மணி நேரத்துக்கு மேல நிக்க முடியாதுன்னு சொன்னேன். லீவு கேட்டேன். நாளையிலிருந்து வராதன்னுட்டாங்க. இப்ப என் எடத்துல யாரு நிக்கறான் தெரியுமா? இவனுங்கதான். பன்னெண்டு மணி நேரம் நிக்க வெச்சாலும் வாயே தொறக்க மாட்டானுங்க. நான் ஊட்ல உக்காந்துக்கினு இருக்கறேன். எங்கம்மா என் மூஞ்சியவே பாக்க மாட்டேங்குது."

எச்சிலுக்குப் பதில் சொல்வது சுலபம். இவன் சொல்வது பொய்யில்லையே...

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பொன்வயல் நகர் நிஜமாகவே வயலாக இருந்த காலம் எனக்குத் தெரியும். அந்தக் கழனியில் என் அம்மா நாற்று நட்டாள். அப்பா வரப்பைச் செதுக்கி அண்டை வெட்டினார். இப்போது என் ஹால் இருக்கிற இடத்தில் அம்மா குனிந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். 'பூர்வீகம்' என்று இந்த நகரில் சொல்லிக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டென்றால் அது எனக்குத்தான். நிலத்துக்காரர் மகளாக இல்லை, கூலிக்காரர் மகளாக.

ஒரு வருஷம் எங்கள் ஆட்கள் கூலியைக் கூட்டிக் கேட்டார்கள். மறுநாள் நிலத்துக்காரர் திருமுக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு டிராக்டர் நிறைய ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். குறைந்த கூலிக்கு வந்தவர்கள். அப்பாவும் மற்றவர்களும் டிராக்டரை மறித்தார்கள். சேற்றை அள்ளி வீசினார்கள். டிராக்டரில் ஒரு பெண் மடியில் பானை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா கையிலிருந்த கம்பால் அந்தப் பானையை அடித்து உடைத்தார். கூழ்... அவளுக்கும் அவள் கூட வந்தவர்களுக்கும் மதியச் சாப்பாடு. அவள் புடவையெல்லாம் வழிந்தது. வரப்பில் நின்று நான் பார்த்தேன். எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா ஜெயித்துவிட்டார் என்று கைதட்டினேன்.

அடுத்த வருஷம் நிலத்துக்காரர் எங்களுக்கும் கூலியைக் குறைத்தார். அவர் வீட்டுப் பக்கம் ஒரு சேற்றுருண்டைகூடப் போகவில்லை. அப்பா அந்தப் பானையைப் பற்றி அப்புறம் ஒரு நாளும் பேசியதில்லை. நானும் இதுவரை எங்கும் எழுதியதில்லை.

விக்னேஷிடம் கேட்டேன். "உன்னை நிறுத்தினது யாருப்பா? பிரதீப்பா?"

"கான்ட்ராக்டர்."

"அவரு வீடு எங்க?"

"டவுன்லதான். பெரிய வீடு."

"அவரு வாசல்ல நோட்டீஸ் ஒட்டினீங்களா?"

விக்னேஷ் டீ டம்ளரைத் தள்ளி வைத்தான்.

"பிரதீப் ஏன் வாயைத் தொறக்க மாட்டேங்கறான்னு யோசிச்சியா? தொறந்தா வேலை போயிடும். வேலை போனா எங்க தங்குவான்? வீடே நிலையில்லாதவன் எப்படிப்பா லீவு கேப்பான்? இங்கேயிருந்து தொரத்துங்க. கான்ட்ராக்டரு தகரக் கொட்டாயில படுக்க எடம் குடுத்து, இன்னும் கம்மி சம்பளம் குடுப்பாரு. அதுக்கும் தலையாட்டுவான். அப்ப உனக்கு மட்டும் வேலை வந்துடுமா?"

"நீங்க பேசிக்கினே இருப்பீங்க டீச்சர்" என்றான் விக்னேஷ். கோபம் போகவில்லை. போக வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

சுந்தரமூர்த்தி சார் எழுந்தார். "முடிவா என்ன சொல்றீங்க?"

"காலி பண்ண மாட்டேன் சார்."

"தண்ணி லாரி, குப்பை வண்டி எல்லாம் சங்கம் மூலமாத்தான் வருது... யோசிச்சுக்கோங்க" என்றார். கனிவாகத்தான் சொன்னார்.

அவர்கள் போன கையோடு மாடிக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. சபிதா பாத்திரங்களை ஒரு பழைய புடவையில் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். மூலையில் சாக்கில் அரிசி, கட்டியாகிவிட்டது. படம் மட்டும் சுவரில் சாய்ந்திருந்தது. செயலாளர் சார் என்னிடம் வருவதற்கு முன்பே தெருவில் பிரதீப்பை நிறுத்தி விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்.

"யாரு உன்னை மூட்டை கட்டச் சொன்னது?" என்று கத்தினேன்.

அவள் பயப்படவில்லை. "ஒரு வருஷத்துல இது மூணாவது வீடு, டீச்சர்ம்மா. பரவால்ல. பழக்கம்" என்றாள்.

பழக்கமாம்!

எனக்கு எங்கே சுட்டது தெரியுமா? டீச்சர் வேலை கிடைத்த புதிதில் நான் டவுனில் வாடகைக்கு வீடு தேடினேன். கையில் அரசாங்க ஆர்டர். வீட்டுக்காரர்கள் என்ன பாடம் என்று கேட்க மாட்டார்கள், எந்த ஊர் என்பார்கள். ஊரைச் சொன்னால் எந்தத் தெரு என்பார்கள். தெருவைச் சொன்னதும், "சொல்லி அனுப்பறோம்மா." இப்படிப் பதினோரு வீடு. இன்றுவரை ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. கடைசியில் எனக்கும் அது பழகித்தான் போயிற்று. பழகிப்போனதற்காக இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் கோபம் உண்டு.

"அவிழ்த்துப் போடு" என்றேன். அவள் அவிழ்க்கவில்லை. நான் சொன்னால் நடந்துவிடும் என்று நம்ப அவளுக்கு என்ன காரணம் இருக்கிறது?

வியாழக்கிழமை பால் வாங்கப் போனேன். வழியில் வேப்பமரத்தடி அம்மன் கோயில். அதன் பக்கத்தில் சங்கத்தின் அறிவிப்புப் பலகை. அதில் இரண்டு நோட்டீஸ், பக்கத்தில் பக்கத்தில்.

ஒன்று நமக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும்.

இன்னொன்று ஆடித் திருவிழா. 'வெள்ளிக்கிழமை காப்புக் கட்டுதல். அதன் பின்னர், காப்பு அவிழ்க்கும் வரை பத்து நாட்கள், நகர் எல்லைக்குள் வசிப்போர் எவரும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. வீடு காலி செய்வதோ, புதிதாகக் குடிவருவதோ கூடாது. மீறினால் அம்மன் குற்றம். இப்படிக்கு, செயலாளர்.'

இரண்டிலும் ஒரே கையெழுத்து!

பால் பாக்கெட்டோடு நின்று சிரித்தேன். பக்கத்தில் நின்ற நாய் பயந்து எழுந்து போனது.

அந்த அம்மன் நகருக்கு முன்னாலேயே அங்கே இருந்தவள். கழனி ஓரத்தில் ஒரு கல், ஒரு வேப்பமரம்... கூலி ஆட்களின் சாமி. நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனாலும் என் அம்மா ஆடிக்கு ஆடி அங்கே ஒரு சொம்பு கூழ் குடிக்காமல் இருந்ததில்லை. நகர் வந்ததும் சங்கம் டைல்ஸ் போட்டது, கோபுரம் வைத்தது. பூசாரியை மட்டும் மாற்ற முடியவில்லை. பூசையும் கரகம் எடுக்கிற உரிமையும் கன்னியம்மாவின் குடும்பத்துக்குத்தான்; இப்போது பூசாரி அவளேதான். கன்னியம்மா என்னோடு அஞ்சாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள்.

நான் திட்டம் போட்டேனா? போட்டேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

காப்புக் கட்டுகிற அன்று எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பூசாரி பம்பைச் சத்தத்தோடு எல்லையைச் சுற்றி வருவார். வீட்டுக்கு வீடு வாசலில் வேப்பிலையால் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். அந்தத் தண்ணீர் பட்ட வீட்டில் அன்று யார் யார் இருக்கிறார்களோ, அவர்கள் எல்லோரும் காப்பு அவிழ்க்கிற வரை அம்மன் பொறுப்பு. எல்லைக்குள்தான் தூங்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் கன்னியம்மா வந்தாள். மஞ்சள் புடவை, கையில் வேப்பிலைக் கொத்து. வழக்கம்போல என் கேட்டில் தெளித்தாள். வேதக்காரி வீடு என்று அவள் என்றைக்கும் விட்டதில்லை.

"மேல ரெண்டு பேரு இருக்காங்க கன்னி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். மாடிப்படி ஏறினாள். சபிதாவின் வாசலில் மூன்று முறை தெளித்தாள். உள்ளே கட்டி வைத்திருந்த மூட்டையின் மேலும் கொஞ்சம் விழுந்தது. சபிதா புடவைத் தலைப்பைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு காலில் விழுந்தாள். பிரதீப் எங்கே நிற்பது என்று தெரியாமல் கிச்சனுக்குள் நின்றான்.

மூன்றாவது தெருப் பையன்கள் வியாழக்கிழமை காலையிலேயே போய்விட்டார்கள். ஆறு பேர். அவர்களுக்காக நான் ஒரு துரும்பையும் அசைக்கவில்லை. இதையும் நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு சுந்தரமூர்த்தி சார் வந்தார். விக்னேஷும் வந்தான்.

"டீச்சர், இன்னிக்குத்தான் கடைசி நாள்."

"எப்படி சார் முடியும்? காப்புக் கட்டியாச்சே."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த மனுஷர் உண்மையிலேயே மறந்துதான் போயிருந்தார். போன வருஷம் காப்புக்கு அப்புறம் திருப்பதிக்குப் போய்த் தங்கின குடும்பத்தை குரூப்பில் வறுத்து எடுத்தவர் அவர். அவர் பிள்ளை புது வீட்டுக்குப் போகாமல் ஆவணிக்காகக் காத்துக்கொண்டிருக்கிறான், ஆடியில் வீடு மாறக் கூடாது என்று அப்பா சொன்னதால்.

"அதெல்லாம் நமக்குத்தானே டீச்சர். அவங்களுக்கு ஏது ஆடி, ஏது காப்பு?" என்றார்.

"அதை நான் எப்படி சார் சொல்ல முடியும்? நான் வேதக்காரி. வாங்க, பூசாரியைக் கேப்போம்."

கோயிலில் கன்னியம்மா கூழுக்குக் கேழ்வரகு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சார் விஷயத்தைச் சொன்னார். ரொம்ப நாகரிகமாக, சுற்றி வளைத்துச் சொன்னார். அவள் சல்லடையை நிறுத்தவில்லை.

"தண்ணி தெளிச்ச ஊடு அது" என்றாள்.

"அவங்க நம்ம ஆளுங்க இல்லம்மா..."

"எல்லைக்குள்ள யாரு தூங்கறாங்களோ அவங்கன்னுதான் வழக்கம். ஆடு மாட்டைக்கூட ஓட்டிக்கினு போயி வித்தது கிடையாது. அம்மா என்ன ஆதார் கார்டு பாத்தா காப்பு ஏத்துக்கறா?"

"கமிட்டி முடிவு எடுத்தாச்சு."

இப்போதுதான் சல்லடை நின்றது. "சரி, அனுப்பிக்கோ சாரு. ஒண்ணே ஒண்ணு. காப்புக் கட்டின ஊட்டுல இருந்து ஒரு பொம்பளைய மூட்டை முடிச்சோட தொரத்தினா, கொறை எம்மேலதான் வரும். அப்புறம் நான் கரகம் எடுக்க மாட்டேன். கமிட்டியில யாருனா எடுத்துக்கோங்க."

கமிட்டியில் யார் எடுப்பார்கள்? பந்தல் போட்டாயிற்று. பத்திரிகை அடித்தாயிற்று. கரகம் இல்லாமல் திருவிழாவா? சார் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். "அப்ப... காப்பு அவிழற வரைக்கும் இருக்கட்டும்" என்றார்.

அவர் போனதும் கன்னியம்மா என் பக்கம் திரும்பினாள். "உன் வேலைதானேடி இது எஸ்தரு? எனக்குத் தெரியும். வந்து சலி" என்றாள். சலித்தேன். அரை மணி நேரம். தோள் கழன்றுவிட்டது.

அடுத்த ஞாயிறு கூழ் வார்த்தல். வீட்டுக்கு வீடு பானையில் கூழ் காய்ச்சிக் கொண்டுவந்து கோயில் முன்னால் இருக்கிற பெரிய அண்டாவில் ஊற்ற வேண்டும். சபிதா ஒரு குடம் நிறையக் கொண்டுவந்தாள். "எங்க ஊர்லயும் இருக்கு, டீச்சர்ம்மா. மண்டியா" என்றாள். கேழ்வரகுக்கு அவர்கள் ஊரில் அதுதான் பெயராம். அதற்காக மூட்டையை அவிழ்த்துப் பாத்திரம் எடுத்திருக்கிறாள்!

அண்டா பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சபிதா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். எனக்கு அந்த டிராக்டரும் மடியில் இருந்த பானையும்தான் கண்ணில் வந்தது.

"என்னா நின்னுக்கினு இருக்கற? ஊத்தும்மா" என்றாள் கன்னியம்மா.

ஊற்றினாள். அண்டாவில் ஒரு சுழி வந்து அடங்கியது.

கூழ் வார்த்தது விக்னேஷ். வரிசையில் பிரதீப் சொம்போடு வந்தான். விக்னேஷ் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் சொம்பு வழிய ஊற்றினான். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. விக்னேஷுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. பிரதீப் இன்னும் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறான். கான்ட்ராக்டர் அவருடைய பெரிய வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார்.

திங்கட்கிழமை காப்பு அவிழ்த்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை 'டிங்'.

'ஆடித் திருவிழா இனிதே நிறைவுற்றது. ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி. ஏற்கெனவே அறிவித்தபடி...'

முழுதாகப் படிக்கவில்லை. ஆட்டோ பிடித்து டவுனுக்குப் போனேன். இதுவரை எனக்கும் பிரதீப்புக்கும் வாய்ப்பேச்சுதான் ஒப்பந்தம். பத்திரம் எழுதுகிறவரிடம் வாடகை அக்ரிமென்ட் வேண்டும் என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"ஆடியில யாரும்மா அக்ரிமென்ட் போடுவாங்க?"

"நான் வேதக்காரி சார். எனக்குப் பன்னெண்டு மாசமும் நல்ல மாசம்தான்."

வழக்கம்போலப் பதினோரு மாதத்துக்கு எழுதினார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடுத்த ஆனியில் முடிகிறது. முடிந்து, சார் கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, ஒரு வாரம் டயம் கொடுத்து நோட்டீஸ் ஒட்டுவதற்குள் ஆடி பிறந்துவிடும். அப்புறம் கன்னியம்மா இருக்கிறாள்!

அக்ரிமென்டில் ஷரத்துகளை அவர் வாசித்துக்கொண்டே வந்தார். வாடகை தேதி, கரன்ட் பில், 'சுவரில் ஆணி அடிக்கக் கூடாது'...

"அதை அடிச்சிடுங்க" என்றேன்.

"ஆணியையா?"

"வரியை, சார்."

வீட்டுக்கு வந்து நானும் பிரதீப்பும் கையெழுத்துப் போட்டதும் அதைப் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டேன். கீழே ஒரு வார்த்தை எழுதவில்லை. ஒரு மணி நேரம் அந்த குரூப்பில் பூங்கொத்தும் இல்லை, மூட்டு வலியும் இல்லை. அப்புறம் ஒரே ஒரு கட்டை விரல் வந்தது. சுந்தரமூர்த்தி சாரின் மனைவியுடையது. எனக்குக் கஞ்சி காய்ச்சி அனுப்பிய கைதான்.

தண்ணீர் லாரி இந்த வாரம் என் வாசலில் நிற்கவில்லை. பார்ப்போம். கழனியில் கிணற்றுத் தண்ணீர் சேந்திக் குடித்து வளர்ந்தவள் நான், எனக்கு இது ஒன்றும் புதிதில்லை.

அக்ரிமென்ட் போட்ட அன்று சாயந்திரம் சுத்தியலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். சபிதா நம்பவில்லை. பிரதீப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "டீச்சர்ம்மா... ஆணி?" என்றாள்.

"அடி" என்றேன்.

நாலு அடி. ஒவ்வொன்றும் என் மண்டையில்தான் இறங்கியது. சத்தம் சங்க ஆபீஸ் வரைக்கும் கேட்டிருக்கும்.

கேட்கட்டும்!